அப்பாவுக்கு ரோபோ நடைப்பயிற்சி: மருத்துவமனையில் கேட்கிறார்கள், சேர்க்கலாமா?

கேள்விக்குறி

வணக்கம். அப்பாவுக்கு 79 வயது. நிமோனியா என்று சேர்த்தோம். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆக்சிஜனும் எடுத்துவிட்டார்கள். மருத்துவர் நுரையீரல் தேறிவிட்டது என்கிறார். ஆனால் ஆள் எழுந்து நிற்க மாட்டேன் என்கிறார். காய்ச்சலுக்கு முன்பு துணையில்லாமல் மாடி ஏறி இறங்கியவர். இப்போது கட்டில் ஓரத்தில் உட்காரவைத்தாலே தலைசுற்றல், கால் நடுக்கம்.

மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து, ரோபோ உதவியோடு நடைப்பயிற்சி கொடுக்கலாம் என்று ஒரு விளக்கத்தாளைத் தந்துவிட்டுப் போனார். படத்தில் ஒருவரை இடுப்புப் பட்டையோடு மேலிருந்து தொங்கவிட்டு, இரண்டு காலிலும் இயந்திரச் சட்டம் மாட்டி, ட்ரெட்மில் மேல் நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணன் உடனே சேர்க்கலாம் என்கிறார். அம்மாவுக்குப் படத்தைப் பார்த்ததுமே பயம். எனக்கு இது அப்பாவுக்கு ஏற்றதா, வெறும் பகட்டா என்று பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நடைமேடை

நான் பிசியோதெரபிஸ்ட், வார்டில்தான் வேலை. முதலில் ஒன்று தெரியவேண்டும். ஒருவர் பிடித்துக்கொண்டால் அப்பா நிற்கிறாரா? இரண்டு பேர் வேண்டுமா? இருவர் பிடித்தும் முடியவில்லையா? மற்றதெல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தது.

நீங்கள் சொல்லும் படம் லோகோமேட் வகைக் கருவி போலத் தெரிகிறது. சுவிட்சர்லாந்தின் ஹோகோமா நிறுவனம் 2001 வாக்கில் கொண்டுவந்தது. இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் மோட்டார். உடல் எடையில் ஒரு பங்கை மேலே உள்ள கயிறு தாங்கும், ட்ரெட்மில் வேகத்துக்கு ஏற்பச் சட்டம் காலை நகர்த்தும். பக்கவாதத்திலும் தண்டுவடக் காயத்திலும் மூளையின் உத்தரவு காலுக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அவர்களுக்கு நடையைத் திரும்பத் திரும்பச் செய்துகாட்டிப் பழக்குவதற்காக உருவானது இது. உங்கள் அப்பாவுக்கு உத்தரவு போகிறது. படுத்ததில் தசை போய்விட்டது, உடம்புக்கு நிமிர்ந்து நிற்கும் பழக்கம் விட்டுப்போயிற்று, பயமும் சேர்ந்துகொண்டது. சிக்கலே வேறு.

இரவுப்பணி

செவிலியர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். ரோபோ கொஞ்சம் காத்திருக்கட்டும். தலைசுற்றல் என்கிறீர்களே, படுத்தபடி ஒருமுறையும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒருமுறையும் பிரஷர் பார்த்தார்களா? மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அதுதான் காரணமாக இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எந்த இயந்திரத்தில் ஏற்றினாலும் கண் இருட்டிக்கொண்டு வரும். நிற்கவே முடியாவிட்டால் உட்காரவைத்தாவது பார்க்கச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். உடம்பில் நீர் குறைந்திருக்கும். வீட்டில் சாப்பிட்ட பிரஷர் மாத்திரை அதே அளவில் ஓடிக்கொண்டிருக்கும். ராத்திரி தூக்கத்துக்கு ஏதாவது கொடுத்திருப்பார்கள். அப்புறம், சிறுநீர்க் குழாய் இன்னும் இருக்கிறதா? தேவை முடிந்த பிறகும் யாரும் கவனிக்காமல் அது மாட்டிக்கொண்டே இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். குழாய் இருந்தால் கழிவறைக்கு எழுந்துபோகும் தேவையே இல்லாமல் போகிறது. படுத்த படுக்கைக்கு அதைவிட நல்ல சாக்கு வேறு வேண்டுமா?

முதியோர் மருத்துவம்

இரவுப்பணி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பிரஷரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

கேள்விக்குறி, "நோய் தேறிவிட்டது, ஆள் தேறவில்லை" என்ற உங்கள் நிலை விசித்திரமானதல்ல. மருத்துவமனையில் சேரும் 70 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒருவர், நோய் வருவதற்கு முன் தானாகச் செய்துகொண்ட அன்றாட வேலைகளில் ஒன்றையாவது இழந்துதான் வீடு திரும்புகிறார் என்று 2003இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 2007இல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த இன்னொரு ஆய்வில், நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்தது. காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்த உடம்பில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார்கள்? 2009இல், நடக்கத் தெரிந்தவர்களாகவே உள்நோயாளிகளாக வந்த முதியவர்களின் காலில் அசைவை அளக்கும் அளவி கட்டிப் பார்த்தார்கள். நேரத்தில் 83 விழுக்காடு படுக்கையில்தான் போனது. நின்றதும் நடந்ததும் சேர்த்து நாளொன்றுக்கு முக்கால் மணி நேரம்கூட இல்லை. யாரும் அவர்களைப் படுக்கச் சொல்லவில்லை. உட்கார நாற்காலி இல்லை, கட்டிலுக்கு உயரத் தடுப்பு, விழுந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். இதெல்லாம் சேர்ந்துதான் படுக்கவைக்கிறது.

இப்போது நல்ல செய்தி. ஸ்பெயினில் பம்ப்லோனா நகரில் 75 வயதைத் தாண்டிய 370 உள்நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2019இல் வந்தது. சராசரி வயது 87. பாதிப்பேருக்கு நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம், ஐந்து முதல் ஏழு நாள் பயிற்சி. நாற்காலியிலிருந்து எழுவது, காலால் எடை தள்ளுவது, சமநிலை, நடை. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. நடை, சமநிலை, எழுந்திருத்தல் மூன்றையும் சேர்த்து 12க்கு மதிப்பெண் போடும் ஒரு சோதனை உண்டு. அதில் பயிற்சிக் குழு 2.2 புள்ளி கூடுதல். ஒரு புள்ளி ஏறினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும். அன்றாட வேலைத்திறனில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் கீழே இறங்கினார்கள், பயிற்சி செய்தவர்கள் இறங்கவில்லை. ரோபோ எதுவும் அங்கே இல்லை. சாதாரண எடைப்பயிற்சிக் கருவிகளும் பக்கத்தில் ஒரு பயிற்சியாளரும்தான்.

ஒரு நிபந்தனையையும் சொல்லிவிடவேண்டும். அந்த ஆய்வில் சேர்த்தவர்கள் எல்லாரும் துணையோடாவது நடக்கக்கூடியவர்கள். எழுந்து நிற்கவே முடியாதவருக்கு இந்த முடிவை அப்படியே நீட்ட முடியாது. ரோபோவைப் பற்றிய பேச்சு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சந்தேகப்பேர்வழி

அப்பாடா, ஒரு மருத்துவராவது நேராகப் பேசினார். நான் சொல்லவந்ததும் அதுதான். இப்படி ஒரு கருவியை வாங்கிப் போட்டுவிட்டால் அப்புறம் அதற்கு நோயாளி தேடுவார்கள். நோயாளிக்குக் கருவி தேடுவது போய்க் கருவிக்கு நோயாளி தேடுவது.

ஆய்வு என்று பார்த்தாலும் ரோபோ கொடிகட்டிப் பறக்கவில்லை. பிரிட்டனில் 770 பக்கவாத நோயாளிகளை வைத்து நடத்திய ரேட்டுல்ஸ் என்ற ஆய்வு 2019இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ரோபோ பயிற்சி பெற்றவர்களின் கைச் செயல்பாடு வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட மேம்படவில்லை. லோகோமேட்டையே எடுத்துக்கொண்டாலும், 2009இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் பிசியோவின் கையால் பயிற்சி பெற்றவர்கள்தான் நடைவேகத்திலும் தூரத்திலும் கூடுதலாக முன்னேறினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் விளக்கத்தாளில் வழவழப்பான படம் போடுகிறார்கள் என்றால் என்ன சொல்வது?

திருகாணி

நான் இந்த வகைக் கருவிகளின் கட்டுப்பாட்டு மென்பொருளில் வேலை செய்தவன். ரோபோவின் பக்கம் பேச இங்கே ஒருவராவது வேண்டும் அல்லவா?

சந்தேகப்பேர்வழி சார், ரேட்டுல்ஸ் கைக்கானது. அதை நடைக்குக் கொண்டுவந்து ஒட்டாதீர்கள். நடைக்கு என்று பார்த்தால், பல சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின், பக்கவாத நோயாளிகளுக்கான தொகுப்பாய்வு 2020இல் 62 சோதனைகள், 2,440 பேர் என்ற அளவில் புதுப்பிக்கப்பட்டது. பிசியோவோடு இயந்திரப் பயிற்சியும் சேர்த்துப் பெற்றவர்கள், பிறர் துணையின்றி நடக்கும் நிலைக்கு வர வாய்ப்பு கூடுதல். பலன் யாருக்கு? பக்கவாதம் வந்த முதல் மூன்று மாதத்தில், இன்னும் நடக்கவே முடியாமல் இருப்பவர்களுக்கு. நீங்கள் சொன்ன 2009 ஆய்வில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஓரளவு நடந்தவர்கள். நடப்பவரைக் கொண்டுபோய்ச் சட்டத்துக்குள் மாட்டினால் அவர் பின்தங்கத்தான் செய்வார்.

இரண்டாவது, "ரோபோ" என்று எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறோம். லோகோமேட் காலுக்கு வெளியே சட்டம் மாட்டுகிறது. பெர்லினில் ஸ்டெஃபான் ஹெஸ்ஸே குழுவினர் உருவாக்கியதில் சட்டமே கிடையாது, பாதத்தட்டுகள் இரண்டும் நடைபோல் நகரும், முழங்காலை நோயாளியே பார்த்துக்கொள்ளவேண்டும். ஜப்பானில் சைபர்டைன் நிறுவனத்தின் ஹால், தோலில் ஒட்டிய உணரிகள் வழியே தசைக்கு வரும் மின்சமிக்ஞையைப் படித்து, நோயாளி நகர்த்த நினைக்கும்போது மோட்டாரை இயக்குகிறது. எரிகோ என்பது சாய்ந்து எழும் கட்டில். ஆளை மெல்ல நிமிர்த்திக்கொண்டே கால்களை மாறி மாறி மடக்கி நீட்டும். படுத்தபடியே மிதிக்கும் மோட்டார் மிதிவண்டிகளும் இருக்கின்றன. கேள்விக்குறி, உங்களிடம் சொன்னது எந்த வகை என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.

நடைமேடை

திருகாணி சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் பயிற்சியறையில் தினமும் கண்ணில் படுவது இதுதான்.

இயந்திரம் காலைத் தூக்கி வைத்துவிட்டால் உடம்பு சும்மா இருந்துவிடும். சோம்பல் என்று திட்டவேண்டாம், மனித உடம்பின் கணக்கே அப்படி: வேறு யாராவது வேலையைச் செய்தால் தான் செய்யாது. தண்டுவடக் காயமுற்றவர்களை வைத்து 2006இல் அளந்து பார்த்தார்கள். ரோபோவுக்குள் நடக்கும்போது எரிந்த சக்தி, பிசியோவின் துணையோடு நடக்கும்போது எரிந்ததைவிடக் குறைவு. "என்னால் முடிந்தவரை தள்ளுகிறேன்" என்று முனைந்து தள்ளச் சொன்னபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் போய்விட்டது. ஆக, திரையில் அழகாக நடை ஓடுவதைப் பார்த்து மயங்கக்கூடாது. மூச்சு வாங்குகிறதா, வியர்க்கிறதா, தசை இறுகுகிறதா என்று பார்க்கவேண்டும்.

அதேசமயம் ரோபோவுக்கு ஒரு பெரிய சாதகம் உண்டு, மறுக்கமாட்டேன். எண்ணிக்கை. பக்கவாத நோயாளிகளின் சிகிச்சை நேரங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வில், நடைப்பயிற்சி உள்ள அமர்வில் சராசரியாக 350க்குச் சற்று மேல்தான் காலடிகள் இருந்தன. இயந்திரத்தில் அரை மணி நேரம் என்றால் ஆயிரத்தைத் தாண்டும். நிற்கவே முடியாத கனமான ஒருவரை இரண்டு பிசியோக்கள் காலைப் பிடித்து நகர்த்தி ஆயிரம் அடி நடக்கவைக்க முடியாது. எங்கள் முதுகு தாங்காது. (தாங்காமல் போன சக பணியாளர்கள் இருக்கிறார்கள், அது தனிக் கதை.)

சந்தேகப்பேர்வழி

சரி, நடக்கவே முடியாதவருக்கு உதவும் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேலே பேசியதெல்லாம் பக்கவாதம். கேட்டவரின் அப்பாவுக்கு நிமோனியா. படுக்கையில் நலிந்துபோன முதியவர்களுக்கு ரோபோ நடைப்பயிற்சி பலன் தரும் என்று அந்த அளவு கனமான சான்று எங்கே? ஒன்றில் கிடைத்த பலனை இன்னொன்றுக்குக் கடன் வாங்கித்தானே விளக்கத்தாள் அடிக்கிறார்கள்?

திருகாணி

அது நியாயமான கேள்வி. பக்கவாதத்துக்கு இருக்கும் அளவுக்கு இங்கே சான்று இல்லை, அது உண்மை. ஆனால் "சான்று குறைவு" என்பதற்கு "பலன் இல்லை" என்று பொருளாகாது.

சந்தேகப்பேர்வழி

"பலன் உண்டு" என்றும் பொருளாகாதே.

மட்டுறுத்துநர்

இருவரும் இதோடு விடுங்கள். கேட்டவருக்கு உதவுவதைப் பேசுவோம்.

கைத்தடி

இங்கே எல்லாரும் வெளியே நின்று பேசுகிறீர்கள். நான் உள்ளே நின்றவன். பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தபோது இந்தத் தொங்கல் கருவியில்தான் என்னை ஏற்றினார்கள். எனக்கும் எழுபது தாண்டிவிட்டது.

முதலில் சங்கடம். பட்டைகளை மாட்ட இரண்டு பேர், தொடை நீளம் அளக்க ஒருவர், சுற்றிலும் ஆட்கள். தொடையிடுக்கில் பட்டை இறுக்கும். வெளியே தெரியாத இடத்தில் தோல் சிவந்துபோயிருந்தது, என் மனைவி பார்த்துச் சொன்ன பிறகுதான் மெத்தை வைத்தார்கள். கூச்சத்தை விட்டுவிட்டு உடனே சொல்லவேண்டும். முதியவர்களின் தோல் லேசில் கிழியும்.

கிடைத்தது என்ன என்றால், நிமிர்ந்து நிற்பது. அதுவரை விட்டத்தையே பார்த்துக் கிடந்தவனுக்கு ஆட்களின் முகம் நேருக்கு நேர் தெரிந்தது. விழமாட்டேன் என்று உறுதியாகத் தெரிந்தபோது பயம் விட்டது. பயம் விட்ட பிறகுதான் காலில் என்ன நடக்கிறது என்று கவனிக்கவே முடிந்தது. இதை எந்த மதிப்பெண்ணில் போடுவீர்கள் என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்று. இயந்திரத்தில் ஜோராக நடந்துவிட்டு இறங்கினால், கட்டிலுக்குப் போகும் நான்கு அடி நடக்க முடியவில்லை. திரும்புவது, நாற்காலியில் பின்பக்கமாக உட்காருவது, வாசல்படி, ஈரத்தரை எதையும் அது சொல்லிக்கொடுக்காது. அதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்த ஒரு சின்னப் பெண், பிசியோ. உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் இரண்டு விரலால் மட்டும் பட்டையைத் தொட்டுக்கொண்டு வந்தாள். இயந்திரத்திலும் உதவியைக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறதாம். எனக்கு யாரும் குறைத்ததாக நினைவில்லை.

திருகாணி

கைத்தடி ஐயா, அந்தக் கடைசி வரிதான் முக்கியம். தேவைப்படும் அளவுக்கு மட்டும் உதவும் கட்டுப்பாட்டு முறை அந்தக் கருவிகளில் இருக்கிறது. கால் சரியான பாதையில் போனால் மோட்டார் விலகிக்கொள்ளும், தவறினால் மட்டும் தள்ளும். ஆனால் அதை ஒவ்வொரு அமர்விலும் யாராவது மாற்றி வைக்கவேண்டும். முதல்நாள் வைத்த அளவிலேயே கடைசிவரை ஓடும் கருவிகளை நானே பார்த்திருக்கிறேன். எங்கள் துறையில் யாரும் வெளியே சொல்லாத விஷயம் இது.

ஐசியூ வாசல்

குறுக்கே நுழைவதற்கு மன்னிக்கவும். என் மாமியார் தீவிர சிகிச்சையில் இருக்கிறார், செயற்கை சுவாசத்தில். கட்டிலிலேயே மிதிவண்டி போன்ற ஒன்றை மாட்டிக் காலை ஓட்டவைக்கிறார்கள். சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் தேறுவார் என்கிறார்கள். இதுவும் ரோபோ பயிற்சிதானே? நல்லதா?

முதியோர் மருத்துவம்

அம்மா, கவலைப்படவேண்டாம், அதனால் பெரிதாகக் கெடுதல் என்று இல்லை. ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். 16 மருத்துவமனைகளில் 360 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024இல் வந்தது. வழக்கமான பிசியோவோடு கட்டில் மிதிவண்டியும் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கும், வழக்கமான பிசியோ மட்டும் பெற்றவர்களுக்கும், வார்டுக்கு மாறிய சில நாள் கழித்துப் பார்த்த உடல்திறனில் வித்தியாசம் இல்லை.

"எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது" என்பதும் எப்போதும் சரியில்லை. செயற்கை சுவாசத்தில் இருந்த 750 பேரை வைத்து 2022இல் வந்த டீம் என்ற ஆய்வில், கூடுதல் தீவிரத்தோடு சீக்கிரம் எழுப்பியதால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, இதயத் துடிப்பு தாறுமாறாவது, ஆக்சிஜன் இறங்குவது போன்ற பாதிப்புகள்தான் கூடின. பக்கவாதத்தில் 2,104 பேரை வைத்த அவெர்ட் ஆய்வும் அப்படியே. முதல் 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி, நீண்ட நேரம் எழுப்பியவர்களில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் 46 விழுக்காடு, வழக்கமான கவனிப்பில் 50 விழுக்காடு.

இதற்காக யாரையும் படுக்கப்போடச் சொல்லவில்லை. மயக்க மருந்தை அன்றாடம் நிறுத்திப் பார்த்து, விழித்திருக்கும் நேரத்தில் உட்காரவைப்பது நல்லது என்று 2009இலேயே லான்செட்டில் வந்திருக்கிறது. உங்கள் மாமியாரின் விஷயத்தில் நான் கேட்பது, அவர் விழித்திருக்கும்போது மிதிக்கிறாரா, தூங்கும்போது கால் மட்டும் சுற்றுகிறதா என்பதைத்தான்.

ஐசியூ வாசல்

தூங்கும்போதுதான் டாக்டர். நாளைக்குக் கேட்கிறேன்.

புதுவரவு

வேறொரு ரோபோவைப் பற்றிக் கேட்கலாமா? எங்கள் பக்கத்து வார்டில் பேசும் ரோபோ ஒன்று முன்னால் நின்று கையைத் தூக்கி இறக்கிக் காட்டுகிறது, முதியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைப் பார்த்துச் செய்கிறார்கள். விளையாட்டுப் போலத்தான் தெரிகிறது. பிரயோஜனம் உண்டா?

திருகாணி

அது வேறு குடும்பம். தொட்டுத் தூக்காது, ஊக்கப்படுத்த மட்டும் செய்யும். ஜப்பானிலிருந்து 2014இல் வந்த பெப்பர், அதற்கு முன் வந்த நாவ் எல்லாம் இந்த ரகம். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாயா மதாரிச் குழுவினர் முதியவர்களுக்கு உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சியை ரோபோ கொடுத்தால் எப்படி என்று ஆராய்ந்தார்கள். திரையில் தோன்றும் உருவத்தைவிட எதிரே நிற்கும் ரோபோவையே முதியவர்கள் விரும்பினார்கள், பாராட்டிப் பேசும் ரோபோவை இன்னும் விரும்பினார்கள்.

இரவுப்பணி

வார்டில் அதன் கதையைக் கேளுங்கள். பாதிப்பேருக்குக் காது சரியாகக் கேட்காது. அது பேசும் குரலோ கீச்சென்று இருக்கும். காது கேட்கும் கருவி மேசை இழுப்பறையில் கிடக்கும், கண்ணாடி வீட்டில் இருக்கும். இந்த இரண்டையும் மாட்டிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

மனக்குழப்பம் வந்தவர்களிடம் எந்த ரோபோவையும் கொண்டுபோகும் முன் யோசிக்கவேண்டும். தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாத ஒருவரைப் பட்டை போட்டுக் கட்டித் தூக்கினால் அவர் என்ன நினைப்பார்? யாரோ பிடித்துப்போகிறார்கள் என்றுதான். அடித்து, உதைத்து, அப்புறம் அவருக்கே ஊசி போட்டு அடக்கவேண்டிய நிலை வரும். கேள்விக்குறி, அப்பா ராத்திரியில் உளறுகிறாரா, பகலில் ஓயாமல் தூங்குகிறாரா என்பதையும் கவனியுங்கள். அமைதியாகத் தூங்கி வழிவதும் மனக்குழப்பமாக இருக்கலாம், அதைத்தான் எல்லாரும் கோட்டைவிடுகிறோம்.

முதியோர் மருத்துவம்

ஆமாம். நேரம், இடம் நினைவூட்டுவது, கண்ணாடி, காது கருவி, தூக்கம், தண்ணீர், நாளுக்குச் சில முறை எழுப்பி நடத்துவது இவ்வளவையும் சேர்த்துச் செய்த மருத்துவமனைத் திட்டம் ஒன்றை 852 பேரிடம் சோதித்தார்கள். 1999இல் வெளிவந்தது. மனக்குழப்பம் வந்தவர்கள் 15 விழுக்காட்டிலிருந்து 9.9க்குக் குறைந்தார்கள். இவற்றில் பல வேலைகளைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்.

கேள்விக்குறி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை.

பிரஷர் பார்க்கச் சொன்னேன். உட்கார்ந்ததுமே மேல் அளவு முப்பதுக்கு மேல் இறங்கியது. இரண்டு பிரஷர் மாத்திரைகளில் ஒன்றை நிறுத்திவிட்டார்கள், தண்ணீர் அதிகம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். சிறுநீர்க் குழாயை எடுத்தாயிற்று. இப்போது இரண்டு பேர் பிடித்தால் வாக்கரைப் பற்றிக்கொண்டு சில நொடி நிற்கிறார். அப்புறம் உட்கார்ந்துவிடுகிறார், உளறல் எதுவும் இல்லை.

கருவி லோகோமேட் ரகம்தான். சாய்ந்து எழும் கட்டிலும் இருக்கிறதாம். அண்ணன் இன்னும் ரோபோதான் வேண்டும் என்கிறார், "இவ்வளவு வசதி இருக்கும்போது ஏன் பழைய முறை" என்று. நான் அவர்களிடம் என்ன கேட்கவேண்டும்?

நடைமேடை

இருவர் பிடித்தால் நிற்கிறார் என்றால் நீங்கள் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். என் அபிப்பிராயம் இது: இப்போதைக்கு அவருடைய பயிற்சி நாற்காலி. உயரமான நாற்காலி, அல்லது கட்டிலை உயர்த்தி அதன் ஓரம். அங்கிருந்து எழுந்து, நின்று, மெல்ல உட்காரவேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் இறங்குவதில்தான் தொடைத்தசைக்கு வேலை. காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், முடிந்தால் இடையிலும். எழுவது எளிதாகிவிட்டால் உயரத்தைக் குறையுங்கள். நிற்கும் நேரம் கூடிய பிறகு இடத்திலேயே கால் மாற்றுவது, அப்புறம் வாக்கரோடு கழிவறை வரை. இதை வார்டு பிசியோ பார்த்துத் தொடங்கிவைத்த பிறகு நீங்கள் பக்கத்தில் இருந்து செய்யவைக்கலாம். தனியாக ஆரம்பிக்கவேண்டாம். சாப்பாட்டை நாற்காலியில் உட்கார்ந்துதான் சாப்பிடவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே ஒரு நாளில் கணிசமான நேரம். புரதம் போதுமா என்று உணவு நிபுணரிடமும் கேளுங்கள், சாப்பிடாத உடம்பில் பயிற்சி தசையாக மாறாது.

நிற்பது மறுபடி தடைப்பட்டால் சாய்ந்து எழும் கட்டில் அர்த்தமுள்ளது. தொங்கல் கருவி அவருக்கு இப்போது அவசியமாகத் தெரியவில்லை. அண்ணன் பிடிவாதமாக இருந்தால், சேர்க்கும் முன் இவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். இயந்திர நேரம் வார்டு பிசியோ நேரத்தோடு கூடுதலா, அதற்குப் பதிலா? பதிலாக என்றால் வேண்டாம். உதவியின் அளவை யார், எப்போது குறைப்பார்கள்? மாட்டிக் கழற்ற எவ்வளவு நேரம், அதில் உண்மையான பயிற்சி எவ்வளவு? எலும்புத் தேய்வு பார்த்தார்களா? எலும்பு மிகவும் வலுவிழந்தவர், மூட்டு மடங்காதவர், பட்டை படும் இடத்தில் புண் உள்ளவர் இவர்களையெல்லாம் அதில் ஏற்றக்கூடாது. தொடை நீளத்துக்கும் எடைக்கும்கூட வரம்பு உண்டு, 135 கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள். எதை வைத்து முன்னேற்றம் என்று சொல்வார்கள் என்றும் கேளுங்கள். "இன்று இயந்திரத்தில் இவ்வளவு தூரம் நடந்தார்" என்பது கணக்கில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி உட்கார எத்தனை நொடி, அதைச் சொல்லட்டும்.

சந்தேகப்பேர்வழி

இந்தப் பதிவை அச்சடித்து அந்த விளக்கத்தாளின் பின்பக்கத்தில் ஒட்டவேண்டும்.

கைத்தடி

தம்பி, அப்பாவிடம் யாராவது கேட்டீர்களா? அண்ணன் ஒன்று சொல்கிறார், அம்மா ஒன்று சொல்கிறார், நாங்கள் பத்துப் பேர் பேசிவிட்டோம். தெளிவாக இருக்கிறார் என்கிறீர்களே.

கேள்விக்குறி

கேட்டேன் ஐயா. "கழிவறைக்கு நானே போகணும், வேறெதுவும் வேண்டாம்" என்றார். அந்த மெஷின் கழிவறை வரைக்கும் வருமா என்றும் கேட்டார். அண்ணன் சிரித்துவிட்டார். வார்டு பிசியோவிடமே நாளுக்கு இருமுறை என்று பேசியிருக்கிறோம், கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டோம்.

புதுவரவு

இன்னொரு சந்தேகம், இழையை மூடும் முன் யாராவது சொல்லுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த ரோபோக்களில் ஏறலாமா? என் பெரியப்பாவுக்காகக் கேட்கிறேன்.

முதியோர் மருத்துவம்

கருவியைப் பொறுத்தது. மோட்டாரால் மட்டும் காலை நகர்த்தும் கருவி வேறு, தசைக்கு மின்தூண்டல் கொடுத்து நகர்த்துவது வேறு. சில கட்டில் மிதிவண்டிகளிலும் சாய்வுக் கட்டில்களிலும் மின்தூண்டலைக் கூடுதலாக இணைப்பார்கள். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு அந்த மின்தூண்டல் பொதுவாகக் கூடாது. மின்தூண்டல் இல்லாத கருவி என்றாலும் தயாரிப்பாளரின் விலக்குப் பட்டியலையும் இதய மருத்துவரின் கருத்தையும் பார்த்துவிட்டுத்தான். பேஸ்மேக்கர் புதிதாக வைத்தது என்றால் இன்னொன்று: முதல் சில வாரங்கள் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது, தொங்கல் கருவியின் மார்புப் பட்டை தையல் போட்ட இடத்தில் அழுத்தவும் கூடாது. எப்போது வைத்தது, எந்தக் கருவியில் ஏற்றப்போகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.